இடியன் துவக்கும் நீக்கிலாப்பிள்ளையும்

மேற்குத்தீவுத் தமிழர் ஒன்றியத்தின் தலைவர் பத்திநாதர் ஒரு விஷயத்தை அறிவித்தால், அது நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். மற்றவர்கள் போய் நடத்திக் கொடுப்பதுதான் பாக்கி. இந்த வருடக் கோடை முகாமில் பிள்ளைகளுக்கு இடியன் துவக்குச் சுடப் பழக்குவது என்று அறிவித்தார். குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக்குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடுகிற பழைய துவக்கு. நோட்டீசில் ‘பண்பாட்டு மீட்சி’ என்று போட்டார்கள். போன வருடம் இதே தலைப்பில் பிள்ளைகள் துள்ளுகிற பலூன் கோட்டை ஒன்றும் பல் வைத்தியர் ஒருவரின் உரையும் இருந்தன.

இடத்தையும் துவக்கையும் கர்க்லாண்டுக்கு அப்பால் இருந்த ஒரு வேட்டைக் கழகம் தந்தது. கழகத்தின் பயிற்சியாளர் ஜினெத் என்ற அம்மாள் பக்கத்தில் நிற்பார். ஆனால் செய்து காட்டுவது எங்கள் ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்று பத்திநாதர் பிடிவாதமாக நின்றார். எங்கள் ஆள் என்றால் நீக்கிலாப்பிள்ளை. வேறு யார்?

நீக்கிலாப்பிள்ளை வாழ்நாளில் துவக்கைத் தொட்டதில்லை. மன்னாரில் கூட்டுறவுச் சங்கத்தில் தராசில் கோதுமை மா நிறுத்தவர். பதினான்கு வருடங்களுக்கு முன், இங்கே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பிறந்தநாள் வீட்டில், அவருடைய கெண்டைக்கால் தழும்பைப் பார்த்து யாரோ, அது இயக்கத்தில் இருந்த காலத்துக் காயமோ என்று கேட்டார்கள். தராசுத் தட்டு விழுந்த காயம். சொல்லியிருப்பார், வாய் நிறைய றோல்ஸ். விழுங்கி முடிப்பதற்குள் சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துவிட்டார்கள். அந்த மரியாதை ருசியாக இருந்தது. ஒரு பெருமூச்சு விட்டார். பிறகும் அவ்வப்போது விட்டார். மிச்சத்தையெல்லாம் சனமே எழுதிக்கொண்டது.

முகாமுக்கு ஒரு கிழமை இருக்கும்போது நீக்கிலாப்பிள்ளை பத்திநாதரின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னார். தலைவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“விளங்குது அண்ணை. உண்மையாச் செய்த ஆக்கள் ஒருத்தரும் செய்தனான் எண்டு சொல்லுறேல்ல.”

“நான் மா நிறுத்தனான், பத்திநாதர்.”

“ஓம், ஓம். மாதான்.” கண்ணைச் சிமிட்டினார்.

மறுத்தாலும் வீரர், மறுக்காவிட்டாலும் வீரர். காய்ச்சல் என்று படுத்தால், பழைய காயம் நோகிறதாம் என்று பழப்பையோடு வந்து நிற்பார்கள். அதுவும் பரவாயில்லை. ஆனால் முகாமுக்கு அவருடைய மகள் றொஷினியும் வருவாள். பதினாறு வயது. பனிக்காலத்தில் மாமாவை ஊரிலிருந்து கூப்பிடும் ஸ்பொன்சர் படிவம் நிரப்பவென்று அப்பாவின் பழைய குடிவரவுக் கோப்புகளை எடுத்ததிலிருந்து, சாப்பாட்டு மேசையில் அவரை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். பயபக்தி என்று அவர் எடுத்துக்கொண்டார். சனம் சிரித்தால் ஒன்றியத்துக்குப் போகாமல் விடலாம். மகள் சிரித்தால் எங்கே போவது? பியர்பொன்ட்ஸில் அவருக்கு இருப்பது ஒரு வீடுதான்.

முகாம் நடந்த சனிக்கிழமை நீக்கிலாப்பிள்ளைக்குப் பின்னால் கம்பிவேலி, ஒரு பக்கம் ஜினெத், மறுபக்கம் மைக்கோடு பத்திநாதர். ஓரமாக நாற்பது பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் மடக்குக் கதிரைகளில் பெற்றோர். தலைவர் தமிழனின் வீரத்தில் தொடங்கி, வாகனங்களைக் குறுக்கே நிறுத்தாதீர்கள் என்பதில் முடித்தார். இருபது நிமிடம்.

ஒரு கிழமையாக வேலை இடைவேளைகளில் நீக்கிலாப்பிள்ளை யூடியூப் பார்த்திருந்தார். எண்ணெய்த் துணியைக் குழாயின் வாயில் வைத்தார். குண்டை வைத்தார். மூட்டை தூக்கிய கையால் கோலை ஓங்கி இடித்தார். ஜினெத் ஏதோ சொல்லக் கையை உயர்த்தினார். “அந்தக் கையைப் பாருங்கோ” என்று மைக் முந்திக்கொண்டது. பொறி தட்டுகிற செப்பு மூடியைச் செருகி, குறி பார்த்து, விசையை இழுத்தார்.

நமுத்த பட்டாசு மாதிரி ‘டப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஜினெத் சற்றுப் பொறுத்துத் துவக்கை வாங்கினார். கோலை உள்ளே விட்டு அளந்து பார்த்தார். மருந்து போடாமல் குண்டை இடித்துவிட்டீர்கள், அடியில் இறுகிவிட்டது, ஐயா இதற்குமுன் சுட்டதே இல்லையா என்று பிரெஞ்சில் சாந்தமாகக் கேட்டார். நாற்பது பிள்ளைகளுக்கும் விளங்கியது. கதிரைகளில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை.

நீக்கிலாப்பிள்ளை மைக்கை வாங்கினார். “நான் ஒருநாளும் துவக்குத் தொடேல்ல. மன்னாரில மா நிறுத்தனான்.”

கைதட்டல் வேலியைத் தாண்டிப் போனது. சிலர் எழுந்தே நின்றார்கள். வேண்டுமென்றே பிழையாகச் செய்து காட்டிப் பாதுகாப்புப் பாடம் எடுத்த தன்னடக்கத்தைப் பத்திநாதர் நீளமாக விளக்கத் தொடங்கினார்.

இறுகிய குண்டைத் திருகாணியால் துளைத்துத்தான் இழுக்கவேண்டுமாம். ஜினெத் திருக, அவர் துவக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். றொஷினி எழும்பிப் பக்கத்தில் வந்தாள்.

“அப்பா, அந்த ஃபைலில, ஆயுதம் தொட்டதே இல்லை எண்டு எழுதியிருந்தது. அது உண்மையோ?”

“ஓம்.”

“அப்ப இமிகிரேஷனுக்கு நீங்கள் பொய் சொல்லேல்லையே?”

“இல்லை, பிள்ளை. அவைக்கு மட்டும்தான் பொய் சொல்லேல்ல.”

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். அழுகிறாள் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக, யார் கதவைத் தட்டினாலும், பொய் சொன்னதற்காக அப்பாவைப் பிடித்துத் திருப்பி அனுப்பத்தான் வருகிறார்கள் என்று முதலில் ஜன்னலால் எட்டிப் பார்த்தவள். சாப்பாட்டு மேசையில் இருந்தது பயம் மட்டும்தான். பக்தி அவராகச் சேர்த்துக்கொண்டது.

“நான் போய்ச் சொல்லட்டோ?” கதிரைகளைக் காட்டினாள்.

“இப்பதானே மைக்கில சொன்னனான்.”

அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும், நீக்கிலாப்பிள்ளை அண்ணைதான் பயிற்சித் தலைவர் என்று பத்திநாதர் அப்போதே மைக்கில் அறிவித்தார். ஜினெத் திருகாணியை இழுத்தார். குண்டு அசையவில்லை. நீக்கிலாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். பதினான்கு வருடத்தில் இதுதான் நிஜமானது.

முன்வரிசையில் மூன்று பேர் தலையைக் குனிந்தார்கள்.