கெட்டி அட்டை

மூன்றாவது குடம் தண்ணீரை ஊற்றி, அரப்பை அலசுவதற்காக அம்மாவின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியபோது கல்பனாவின் விரல்கள் நின்றுவிட்டன. இடது காதுக்குச் சற்று மேலே, பாதி நரைத்த முடிக்கு அடியில் கறுத்துக் கன்றிப்போன ஒரு தடம். இரண்டு நேர்க்கோடுகள் வந்து ஒரு முனையில் சேர்ந்திருந்தன. சேர்ந்த இடத்தில் தோல் உள்ளே அழுந்திக் கிடந்தது.

கொல்லையில் நான்கு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான்கு பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருத்தி முருங்கை மரத்தையும் ஒருத்தி தன் கால் விரலையும் பார்க்கத் தொடங்கினார்கள். கலியம்மாள் அத்தை மட்டும் குனிந்து, குழைத்து வைத்திருந்த மஞ்சளை எடுத்து அந்த இடத்தில் அப்பினாள். அவள் அப்பாவின் கூடப்பிறந்தவள்.

"பாத்ரூமுல வழுக்கி வியுந்தா இல்ல, அது. ஊத்துடி, மூணு மணிக்குள்ள எடுக்கணுமாம்."

"இன்னா அத்த இது, இப்டி இருக்குது?"

"தண்ணிக் கொயா இடிச்சிருக்கும்."

"கொயா உருண்டையாதான அத்த இருக்கும்?"

அத்தை குடத்தைப் பிடுங்கித் தானே ஊற்றினாள். மஞ்சள் கரைந்து ஓட, தடம் மறுபடியும் தெரிந்தது. இரண்டாவது முறை இன்னும் தடிமனாக அப்பினாள்.

அம்மா ஜெயாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. புதன்கிழமை சாயங்காலம் வழுக்கி விழுந்தாள், வியாழக்கிழமை முழுக்கத் தலைவலி என்று படுத்திருந்தாள், இரண்டு தரம் வாந்தி எடுத்தாள், வெள்ளிக்கிழமை விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. அப்பா சிங்காரவேலு வந்தவர்களிடமெல்லாம் இதை ஒரே மாதிரி, ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிப் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவரிடம் கேள்வி கேட்கிற பழக்கம் கரிக்கலாம்பாக்கத்தில் யாருக்கும் கிடையாது. அவரைக் கோபக்காரர் என்பார்கள். கோபம் என்பது அவருக்கு வருகிற மூட்டுவலி, பாவம் அவர்தான் என்ன செய்வார் என்பது மாதிரிச் சொல்வார்கள்.

கல்பனாவுக்கு மூலைகளைத் தெரியும். அவள் பிழைப்பே அதுதான். கல்யாணமாகி வில்லியனூருக்குப் போனதிலிருந்து ஆறு வருஷமாக அங்கே ஒரு பைண்டிங் கடையில் வேலை செய்கிறாள். அட்டை வெட்டி, காலிகோ துணி ஒட்டி, மூலையில் துணியை மடித்து அழுத்தி, மேலே கனம் ஏற்றி வைப்பாள். கடைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை என்று அவள் முதலாளி சொல்வார். வக்கீல்களும் கோயில்காரர்களும் அப்பாவின் பழைய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளும் கெட்டி அட்டை கேட்பார்கள், அவர்களுக்குப் புத்தகம் இருக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகள் சாதா அட்டை போதும் என்பார்கள், அவர்களுக்கு அதைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

அம்மா இரண்டாவது வகை. பத்திரிகையில் ஒரு வருஷம் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்து, சாக்கு தைக்கிற நூலால் தானே தைத்து வைத்திருந்தாள். அட்டையே கிடையாது. முன்பக்கத்தைப் பின்னால் மடித்து இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் குழம்பு கிளறுவாள். வாசலில் பைக் சத்தம் கேட்டால் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வாள். அவள் படிப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. "பாட்டியம்மா பாடம் படிக்கிறா" என்று ஆரம்பிப்பார், எதில் போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது.

"குடும்மா, நான் நல்லா கெட்டி அட்டையா போட்டு எடுத்தாறேன்" என்று கல்பனா நாலைந்து தரம் கேட்டிருக்கிறாள்.

"வாணாம்டி. கெட்டியா இருந்தா கையில புடிக்க முடியாது. இப்டி தொளதொளன்னு இருக்கறதுதான் எனக்குப் புடிக்கும்."

ஆளுக்கு ஒரு ருசி, ஆனாலும் தாளெல்லாம் கெட்டுப் போகிறதே என்றிருந்தது கல்பனாவுக்கு. போன மாதம் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப் போனாள். கடையில் இருந்ததிலேயே தடியான அட்டையாகப் பார்த்து எடுத்தாள். கருநீலக் காலிகோ, முதுகில் தங்க எழுத்தில் அம்மாவின் பெயர். மூலைகளை வட்டமாக வெட்டலாமா என்று யோசித்துவிட்டு, நேராக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று கூராகவே விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்தபோது அம்மா அதை வாங்கி, இரண்டு கையாலும் எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தாள்.

"அழகா போட்டிருக்கடி. ரொம்ப கனம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அம்மாவுக்குக் கூரைப்புடவை நிறத்தில் புதுச்சேலை கட்டி, பூ வைத்து, வாசலில் பந்தலுக்குக் கீழே பாடையில் கிடத்தினார்கள். மஞ்சளும் குங்குமமுமாய்ப் போகிறாள், கொடுத்து வைத்தவள் என்று ஒப்பாரிக்காரிகள் மூக்கைச் சிந்தினார்கள். மேளம் காதைப் பிளந்தது. கல்பனாவின் புருஷன் லாரி எடுத்துக்கொண்டு ஓசூர் போயிருந்தான், சாயங்காலம்தான் வருவான். அவளுக்கு அந்தக் கூட்டத்தில் தன்னுடையது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

"வாய்க்கரிசிக்குப் பேருக்கு நாலு நெல்லு குத்தணும், உலக்க எடுத்தாடி" என்றாள் அத்தை.

கல்பனா உள்ளே போய்த் தேடினாள். உலக்கை இல்லை. மாவு இடிக்கிற இரும்பு உரல் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வாளி இருந்தது. அம்மியைக் கொல்லைக் கோடியில் குழவி இல்லாமல் பார்த்தாள். நெல்லு விளைகிற வீட்டில் உலக்கை இல்லையா என்று தனக்குள் சிரிப்புக்கூட வந்தது. தோசைக்கல்லைத் தேடினால் கைப்பிடி இல்லாத மெல்லிய தகரம்தான் கிடைத்தது. செம்பு, குடம், கரண்டி, முக்காலி, எல்லாம் பிளாஸ்டிக். சுவரில் ஒரு கண்ணாடிகூட இல்லை.

சிக்கனம் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்! "இரும்புச் சட்டியெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டபோது "பயய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன்டி, தூக்க முடியல" என்றாளே.

கல்பனா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஒவ்வொன்றாக, வருஷக்கணக்கில், இந்த வீட்டிலிருந்து கனமான பொருள்களையெல்லாம் வெளியேற்றியிருக்கிறாள். அப்பாவின் கைக்கு எட்டுகிற எதுவும் வலிக்காததாக இருக்கும்படி பார்த்துக்கொண்டிருக்கிறாள். புத்தகம் உட்பட. அந்த வீட்டுக்குள் ஒரு கனமான பொருளைத் திரும்பக் கொண்டுவந்து, தங்க எழுத்தில் பெயர் போட்டு, அவள் கையில் கொடுத்தது பெற்ற மகள்.

எழுந்து புத்தகத்தைத் தேடினாள்.

அரிசி டிரம்முக்குப் பின்னால், அம்மா எப்போதும் வைக்கிற இடத்தில், புத்தகம் இல்லை. அலமாரியிலும் இல்லை. அதற்குள் பக்கத்து வீட்டு உலக்கை வந்து, நெல் குத்தி, வாய்க்கரிசி தொடங்கிவிட்டிருந்தது. கல்பனா வாசலுக்கு வந்தபோது அப்பா மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து நடந்து வந்தார். கையில் புதுத்துண்டில் சுற்றிய ஒரு பொருள். கூட்டம் வழி விட்டது. அதை அம்மாவின் மார்மேல் வைத்தார்.

"அவ உசிரா வெச்சிருந்த புக்கு. கூடவே போவட்டும். நெருப்பு வெக்கிறப்ப எடுத்துறாதீங்க, சேத்தே எரிங்க."

வெற்றிலை போடுகிறவனோடு வெற்றிலையையும், பீடி குடிக்கிறவனோடு பீடியையும் வைத்து எரிக்கிற ஊர்தான். புத்தகம் வைத்து யாரும் பார்த்ததில்லை. "அந்த மனுசனுக்கு உள்ளுக்குள்ள எவ்ளோ பாசம் பாரு" என்று ஒருத்தி வாய்விட்டு அழுதாள்.

கல்பனா துண்டை உருவினாள். மூன்று மூலைகள் அவள் மடித்து ஒட்டிய மாதிரியே கூராக இருந்தன. நாலாவது நசுங்கி, துணி பிய்ந்து, அட்டையின் நார் வெளியே தெரிந்தது. பிய்ந்த துணியில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அதில் ஒரு முடி ஒட்டியிருந்தது, பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

"வெய்யி கீய" என்றார் அப்பா.

"இதுலதான அடிச்ச?"

மேளக்காரர்கள் அடியை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் குமரவேல் மொட்டைத் தலையோடும் ஈர வேட்டியோடும் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான்.

"கல்பனா, உள்ள வா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். உனக்குத் தெரியுமா?"

குமரவேல் தரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. "அம்மா போயிட்டா. அப்பாவும் உள்ள போனா வூடு இன்னாத்துக்கு ஆவும்? என் புள்ளைங்கள யோசிச்சியா?" என்றான் மெதுவாக.

கல்பனா புத்தகத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு போனை எடுத்து நூறை அழுத்தினாள். "கரிக்கலாம்பாக்கம், சிங்காரவேலு வூடு. எங்க அம்மாவ எங்க அப்பா அடிச்சிக் கொன்னுட்டாரு. இப்ப எரிக்கப் போறாங்க, சீக்கிரம் வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் குமரவேல் போனைத் தட்டிவிட்டான். அது பந்தல் காலில் பட்டுச் சிதறியது.

அப்பா அறைந்தார். காது ரீங்காரமிட்டது. இரண்டாவது அறையில் அவள் பாடைமேல் போய் விழுந்தாள், உதடு பற்களில் பட்டுக் கிழிந்தது. அவர் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்தார். யாரும் பக்கத்தில் வரவில்லை. அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள், ரத்தம் ருசிக்கிற வரைக்கும் விடவில்லை. அவர் அலறிக் கையை உதறியபோது எழுந்து நின்று இரண்டு கையாலும் புத்தகத்தைத் தலைக்குமேல் ஓங்கினாள்.

அவர் நிஜமாகவே பயந்துபோனார். கையை முகத்துக்குமேல் குறுக்கே வைத்துக் குனிந்தார். எந்த மூலை எங்கே இறங்கும் என்று கல்பனாவுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அடிக்க வேண்டும் என்று அவள் உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அத்தனை ஆசையாக அவள் எதையும் வேண்டியதில்லை.

ஆனால் அந்த மூலையில் அம்மாவின் ரத்தம் இருக்கிறது. இன்னொரு ரத்தம் அதில் படக்கூடாது.

கையை இறக்கினாள். தாவணி மாதிரிப் போட்டிருந்த துப்பட்டாவில் புத்தகத்தைச் சுற்றி, பாடைக்குக் குறுக்கே அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "வந்து தூக்குங்க பாப்பம்" என்றாள். வாயிலிருந்து ரத்தம் அம்மாவின் சேலையில் சொட்டியது. தூக்க வந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். கலியம்மாள் அத்தை வந்து அவளை அடிக்கப் போகிறவள் மாதிரி நின்றாள், பிறகு ஏனோ அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடைக் கழியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணி தாண்டித்தான் ஜீப் வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு பெண் போலீஸ். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கைகூப்பினார்.

"பொண்ணு துக்கத்துல ஒளறுது சார். புக்கு சார் அது. புக்கால அடிச்சா ஒரு ஆளு செத்துருமா? நீங்களே சொல்லுங்க."

பெண் போலீஸ் துப்பட்டாவைப் பிரித்து, பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் தூக்கினாள். தூக்கியதும் அவள் மணிக்கட்டு லேசாகத் தாழ்ந்தது. மூலையை வெகுநேரம் பார்த்தாள்.

"எந்தக் கடையில போட்ட அட்ட இது?"

"நான்தான் போட்டேன்" என்றாள் கல்பனா. "அம்மா வாணாம்னு சொன்னாங்க. கேக்காம நான்தான் போட்டேன்."

பெண் போலீஸ் பேனாவை எடுத்தாள், எழுதாமல் அவளைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். அப்பாவை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். அவர் செருப்பைத் தேடினார். ஊர்க்காரர் ஒருவர் ஓடிப்போய் எடுத்துவந்து அவர் காலடியில் போட்டார்.

பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது. மாலைகளை எடுத்துவிட்டு அம்மாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். கூட ஒரு ஆள் வரலாம் என்றார் டிரைவர். கல்பனா ஏறிக்கொண்டாள். புதிதாகப் போட்ட மனைகளுக்கு நடுவே போகிற அந்தச் சாலை மழையில் பெயர்ந்து கிடந்தது. முதல் பள்ளத்தில் வண்டி குதித்தபோது அம்மாவின் தலை ஸ்ட்ரெச்சர் தகரத்தில் இடித்து ஒரு சத்தம் கேட்டது.

கல்பனா இருக்கையிலிருந்து இறங்கி வண்டியின் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை அம்மாவின் தலைக்கு அடியில் கொடுத்தாள். "கொஞ்சம் மெதுவா போங்கண்ணா" என்றாள் டிரைவரிடம்.