விட்டுவைத்த ஒரு பண்ணை

பெட்ரோல் பங்கின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, மடியில் கணினியைத் திறந்த லோர்னாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வழக்கமாகத் திங்கட்கிழமை காலையில் அவளுடைய வாடிக்கையாளர்களின் பட்டியல் திரையில் வரிவரியாக இறங்கும். கிழக்கே ஏரிக்கரை வரை பரந்து கிடந்த பால் பண்ணைகள், அவற்றின் சொந்தக்காரர்கள், அவர்களுடைய தொலைபேசி எண்கள் என்று கீழே போய்க்கொண்டே இருக்கும். இன்றைக்கு ஒரே ஒரு வரி. ஹார்லன் ஸீபர்ட், மேட்டுச் சாலை, கறவை மாடுகள். அதற்குக் கீழே வெள்ளைத் திரை. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, மூடித் திறந்து பார்த்தாள். ஹார்லன் மட்டும் நகரவில்லை.

மென்பொருள் என்று ஒன்று வந்துவிட்டால் இப்படி ஏதாவது கோளாறும் வரத்தான் செய்யும். அதற்கென்று ட்ரூடி இருக்கிறாள். அலுவலகத்தில் யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதெல்லாம் ட்ரூடியின் கையில். லோர்னா அவளை அழைத்தாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? என் ஆளுங்க ஒருத்தரையும் காணோம். உங்கப்பா மட்டும் தனியா நிக்கிறாரு, கல்யாண வீட்டுல எல்லாரும் போனப்புறம் மிஞ்சுன மாமா மாதிரி."

ட்ரூடி சிரிக்கவில்லை. "அப்படியா. ஒருவாட்டி வெளிய வந்து திரும்ப உள்ள போய்ப் பாத்தியா?"

"அதெல்லாம் பாத்தாச்சு."

"சரி. அப்ப ஒரு புகார் பதிஞ்சு விடு. நான் எடுத்துக்கறேன்."

புகாரா? லோர்னாவுக்கு அது கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. அவர்களுக்குள் புகார் என்றாலே தொலைபேசியில் திட்டுவதுதான். ஆனாலும் மேலிடத்தில் ஏதோ புதுச் சட்டம் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, உதவிப் பக்கத்தைத் திறந்து எழுதினாள்: "என் வாடிக்கையாளர்கள் கூட்டமாக ஓடிப்போய்விட்டார்கள். கண்டுபிடித்துத் தருபவருக்கு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் என் செலவு." அனுப்பியவுடனேயே பதில் வந்துவிட்டது. உங்கள் கோரிக்கை பெறப்பட்டது, விரைவில் கவனிக்கப்படும். மனிதர்கள் யாரும் எழுதாத பதில்.

கெட்டில் ரிட்ஜ் பால்பண்ணைச் சாமான் கம்பெனியில் லோர்னா சேர்ந்தபோது கணினியெல்லாம் கிடையாது. வண்டியின் பின்னால் கறவை இயந்திரத்துக்கான ரப்பர் குழாய்களும், மடி கழுவும் மருந்தும், பம்புக்குப் பெல்ட்டுகளும் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவாள். யார் வீட்டில் யார் படுத்த படுக்கை, எந்த நாய் டயரைக் கடிக்கும், யாரிடம் கறவை முடிவதற்குள் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி ஒரு காலணிப் பெட்டியில் வைத்திருந்தாள். அந்தப் பெட்டிதான் அவளுடைய பிழைப்பு. போட்டிக் கம்பெனிக்காரன் ஒருவன் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவளுக்கு ஒரு பாட்டில் பிராந்தி வாங்கிக்கொடுத்திருக்கிறான். பிராந்தியைக் குடித்தாள், பெட்டியைக் காட்டவில்லை.

அப்புறம் கம்பெனி மென்பொருளை வாங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள ட்ரூடியை வைத்தார்கள். வண்டியோட்டும் விற்பனைக்காரர்கள் ஒருவரும் அவளை மதிக்கவில்லை. என் ஆட்களை எதற்கு நான் உன் பெட்டிக்குள் போட வேண்டும் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ட்ரூடி ஒருநாள் கழிவறையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். லோர்னா உள்ளே போய், காகிதக் கைக்குட்டையைக் கிழித்துக் கொடுத்து, என்ன விஷயம் என்று கேட்டாள்.

"யாரும் ஏத்தலன்னா இந்த வேலையே வேண்டாம்னு சொல்லிடுவாங்க. நீ ஒருத்தி ஏத்துனா மத்தவங்க வருவாங்க, லோர்னா. உன் ஆளுங்கள நான் பத்திரமா பாத்துக்கறேன். நீ எழுதுறத நீயும் நானும்தான் பாக்க முடியும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க லோர்னா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தன் தடித்த விரல்களால் ஒவ்வொரு அட்டையாக ஏற்றினாள். நாய்களின் பெயரைக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ட்ரூடி ஒரு கேக் வாங்கி வந்தாள். இருவரும் சேர்ந்து, அலுவலகத்தின் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் அட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சிரித்தார்கள். காலணிப் பெட்டியையும் மிதித்துத் தட்டையாக்கிக் குப்பையில் போட்டார்கள். அந்தச் சிரிப்பு பின்னால் லோர்னாவுக்குக் கசக்கப்போகிறது. ஆனால் அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. இப்போதைக்கு அவள் காபியைக் குடித்துக்கொண்டு, கோளாறு சரியாகட்டும் என்று காத்திருக்கிறாள்.

தொலைபேசி அடித்தது. ட்ரூடி இல்லை, மேலாளர் கர்ட்.

"லோர்னா, இத பத்து மணி மீட்டிங்ல நேர்ல சொல்லணும்னுதான் இருந்தேன். மன்னிச்சுக்கங்க. மீட்டிங் முடிஞ்சப்புறம் நடக்க வேண்டியது. நேரத்த யாரோ தப்பா வச்சுட்டாங்க, ராத்திரியே ஓடிடுச்சு."

"எது ஓடிடுச்சு?"

"அனுமதி மாத்தம். உங்க பண்ணைங்கள எல்லாம் மேடிசன் சிட்டி ஆபீஸ்ல இருந்து போன்லயே பாத்துக்கப் போறாங்க. வண்டி, பெட்ரோல் எல்லாம் குறைக்கச் சொல்லி மேல இருந்து நெருக்கறாங்க. உங்களுக்கு வேலை போகல, அத மொதல்ல தெரிஞ்சுக்கங்க. முன் கவுண்டர்ல உதிரி பாகம் கொடுக்கற எடம் காலியா இருக்கு. குளிர்ல அலைய வேண்டாம் பாருங்க."

குளிரில் அலைய வேண்டாம் என்று இத்தனை காலம் யாரும் அக்கறைப்பட்டதில்லை. லோர்னா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பெட்ரோல் பங்கின் ஓரத்தில் கறுத்துப்போன மார்ச் மாதப் பனி குவிந்து கிடந்தது.

"நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கவாவது..."

"அதுக்குத்தான் மாத்துனதே. தப்பா எடுத்துக்காதீங்க. யாராவது வேற கம்பெனிக்குப் போறப்ப நம்பர் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடறாங்க. உங்கள சொல்லல, பொதுவா சொல்றேன். இப்ப உங்க பட்டியல் காலியாத்தானே இருக்கு?"

லோர்னா திரையைப் பார்த்தாள். ஹார்லன் ஸீபர்ட், மேட்டுச் சாலை.

"ஆமா," என்றாள். "காலியாத்தான் இருக்கு."

ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அழைப்பை வைத்துவிட்டு ஹார்லனின் பெயரைத் தொட்டுத் திறந்தாள். பக்கத்தின் அடியில், அந்தப் பதிவை யார் எப்போது மாற்றினார்கள் என்பதை மென்பொருள் தானாகக் குறித்து வைக்கும். அதை ஒருநாளும் யாரும் படிப்பதில்லை. இன்றைக்கு லோர்னா படித்தாள். இந்தப் பதிவுக்கு விதிவிலக்கு, லோர்னாவின் அனுமதி தொடரும். மாற்றியவர் ட்ரூடி. வெள்ளிக்கிழமை பிற்பகல்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். அன்று மாலைதானே இருவரும் வழக்கமான இடத்தில் வழக்கமான மேசையில் உட்கார்ந்து, வறுத்த காட் மீனும் ரை தானிய ரொட்டியும் சாப்பிட்டார்கள்? ட்ரூடி அன்றைக்கு ரொம்பப் பிரியமாக இருந்தாள். பிராந்தி தன் கணக்கு என்று அடம்பிடித்தாள். லோர்னா புது வண்டி வாங்குவதைப் பற்றிப் பேசினாள். எந்த நிறம் வாங்கலாம் என்று கேட்டபோது, ட்ரூடி எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டே நீலம் நல்லா இருக்கும் என்றாள். இனி ஓட்டப்போவதே இல்லாத வண்டிக்கு நிறம் சொல்லியிருக்கிறாள். வாயில் மீனை வைத்துக்கொண்டு.

அவமானம் காதுவரை ஏறியது. வேலை போனதுகூடப் பரவாயில்லை. கர்ட் மாதிரி ஆட்கள் செய்யக்கூடியதுதான் அது. ட்ரூடி அந்தப் புகாரை வேறு எழுத வைத்தாளே, ஓடிப்போய்விட்டார்கள் என்று கோமாளி மாதிரி. அதை இவளே உட்கார்ந்து படித்திருப்பாளே.

இதற்குள் தொலைபேசி மறுபடியும் அடித்தது. ஹார்லன் ஸீபர்ட் வணக்கமெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. "பம்பு கத்துது. வர்றியா?" என்றார். லோர்னா கவுண்டருக்குப் போகாமல் மேட்டுச் சாலைக்கு வண்டியைத் திருப்பினாள்.

பண்ணையின் வாசலுக்கு வரும்போது ட்ரூடி அழைத்தாள். லோர்னா உடனே எடுக்கவில்லை. எஞ்சினை அணைத்த பிறகு எடுத்தாள்.

"கர்ட் பேசுனாராமே," என்றாள் ட்ரூடி. "நான் சொல்லியிருக்கணும். சொன்னா என் வேலை போயிடும்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. மீட்டிங் முடிஞ்சு நீ தெரிஞ்சுக்குவன்னு நெனச்சேன். நேரத்துல ராத்திரி பகல் மாத்தி வச்சுட்டேன். எல்லாம் தப்பாயிடுச்சு."

"தப்பானது அது மட்டுந்தானா?"

லோர்னா வண்டிச் சாவியை உருவி மடியில் போட்டாள்.

"எல்லாரையும் புடுங்கிட்ட. உங்கப்பாவ மட்டும் ஏன் எனக்கு விட்டு வச்ச?"

ட்ரூடி சொன்னாள். "வேற யாரு போயி அவர பாப்பாங்க? மேடிசன்ல இருக்கறவன் போன் பண்ணா அவரு எடுக்கமாட்டாரு. நீ போனாத்தான் கதவ தெறப்பாரு. நீ எழுதுனாத்தான் எனக்கு எதாவது தெரியும். உனக்கே தெரியுமே, லோர்னா."

லோர்னாவுக்குத் தெரியும். மாடுகளை விற்றுவிட்டு டவுனுக்கு வந்துவிடுங்கள் என்று மகள் சொன்ன நாளிலிருந்து ஹார்லன் அவளோடு பேசுவதில்லை. ட்ரூடியின் எண் வந்தால் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதனால் லோர்னா ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும், குழாய் எத்தனை விற்றது என்று எழுதிவிட்டு, அதன் கீழேயே எழுதுவாள். சாப்பாடு சரியில்லை. இடது கால் இழுக்கிறது. அடுப்புக்கு விறகு இருக்கிறது. ட்ரூடி தன் மேசையில் உட்கார்ந்து அதைப் படிப்பாள். இதை இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை.

"உன் வேலையும் பத்திரம், உங்கப்பாவும் பத்திரம்," என்றாள் லோர்னா. "நல்லா கணக்குப் போட்டிருக்கடி." தொலைபேசியை வைத்தாள்.

மாட்டுக்கொட்டகைக்குள் வெதுவெதுப்பாகச் சாணி மணத்தது. பம்பின் பெல்ட் நைந்து, பாதி கிழிந்து தொங்கியது. லோர்னா புது பெல்ட்டை மாட்டி இழுத்துச் சரிபார்த்தாள். பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹார்லனின் வலது மணிக்கட்டில், மாட்டுக் காலுக்குச் சுற்றுகிற நீல ஒட்டுத்துணி தடிமனாகச் சுற்றியிருந்தது. விரல்கள் வீங்கி, நுனி கறுத்திருந்தன. விளக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

"கைக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சனிக்கிழமை கறக்கறப்ப வழுக்கிடுச்சு. கொஞ்ச நேரம் எழுந்திரிக்க முடியல. மாடுங்க மேல மிதிக்காம சுத்திப் போச்சுங்க. நல்ல மாடுங்க."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"அடுத்த வாரம் மாட்டு டாக்டர் வருவாரு. காட்டிக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை, அதனால் அவளும் சிரிக்கவில்லை. பம்பை ஓட விட்டார்கள். கத்தல் நின்று, ஒரே சீராக ஓடியது. ஹார்லன் வண்டிவரை கூடவே வந்தார். அவர் ஒருநாளும் வண்டிவரை வருவதில்லை. கதவுப் பிடியில் நல்ல கையை வைத்துக்கொண்டு, வயலில் கிடந்த பனியைப் பார்த்தபடி கேட்டார்.

"வண்டியில உக்காந்து எதையோ தட்டுவியே. இன்னைக்கும் தட்டுவியா?"

"தட்டணும்."

"எல்லாத்தையும் எழுதுவியா? பாத்தது, கேட்டது எல்லாம்?"

"எழுதுவேன்."

"ம்," என்றார். "விழுந்தத எழுதணும்னா எழுதிக்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

மகள் அதைப் படிக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாகத் தெரியுமோ, அதைக் கேட்க லோர்னாவுக்குத் துணிவில்லை. எல்லாம் தெரிந்துதான் மனிதர் ஒவ்வொரு முறையும் காலைக் காட்டியிருக்கிறார், விறகைக் காட்டியிருக்கிறார். அவர் திரும்பிக் கொட்டகையை நோக்கி நடந்தார்.

லோர்னா கணினியைத் திறந்தாள். விரல்கள் பழக்கத்தில் எழுதின. பம்பு பெல்ட் மாற்றப்பட்டது. சனிக்கிழமை கறவைக் கூடத்தில் விழுந்திருக்கிறார், எழ முடியாமல் கிடந்திருக்கிறார். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எலும்பு முறிந்திருக்கலாம். மருத்துவரிடம் போகவில்லை. யாராவது வர வேண்டும்.

எழுதியதைப் படித்தாள். மேசையில் உட்கார்ந்து ட்ரூடி இதைத் திறக்கிற முகம் கண்ணில் வந்தது. உடனே எலுமிச்சைத் துண்டைப் பிழிகிற அந்த விரல்களும் வந்தன. நீலம் நல்லா இருக்கும். லோர்னா இரண்டாவது வாக்கியத்திலிருந்து கடைசிவரை இழுத்துத் தேர்ந்தெடுத்து, அழித்தாள். பம்பு பெல்ட் மாற்றப்பட்டது. இவ்வளவுதான் கம்பெனிக்குத் தெரிய வேண்டியது. இவ்வளவு எழுதத்தான் அவளுக்குச் சம்பளம்.

சேமிக்கும் பொத்தானில் விரலை வைத்தபடி தலையைத் தூக்கினாள். ஹார்லன் உள்ளே போகவில்லை. கொட்டகையின் கதவு நிலையில் தோளைச் சாய்த்து, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும், நீலத்துணி சுற்றிய அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி மெல்ல உயர்த்தி, அப்படியே வைத்திருந்தார்.