பவர்ஷெல்லுக்கு முக்கால் வட்டம்

ஆனி மாதம் எனக்குக் கல்யாணம், சங்கரன்கோவிலில். பத்து நாள் லீவு வேண்டும். ஒரகடத்தில் காருக்குக் கதவுக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். லீவு கேட்டால் எங்கள் மேனேஜர் பாண்டுரங்கன் நம் முகத்தைப் பார்க்கமாட்டார், சுவரைப் பார்ப்பார்.

சுவரில் ஒரு பலகை. ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் வேலைக்கு ஒரு வட்டம். கால் பங்கு கறுத்திருந்தால் வேலையைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அரை என்றால் துணைக்கு ஆள் வேண்டும். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். ஒரு வேலைக்கு முக்கால் வட்டத்தில் இரண்டு பேர் இல்லாவிட்டால், இருக்கிற ஒருவருக்கு லீவு கிடையாது. பாண்டுரங்கன் இருபது வருஷம், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். அங்கே இருந்த பலகையைக் கம்ப்யூட்டருக்கும் மாட்டிவிட்டார்.

எங்களிடம் நானூறு கம்ப்யூட்டர். பார்த்துக்கொள்ள நானும் காவேரியும். ஒவ்வொன்றின் முன்னாலும் போய் உட்கார்ந்தால் ஆயுசு போதாது. அதனால் செய்யவேண்டியதை எழுதி, எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். அதற்குப் பெயர் ஸ்கிரிப்ட். நான் எழுதுவது விபிஸ்கிரிப்ட்டில். பழசு, ஆனால் சொன்ன பேச்சு கேட்கும். சுங்குவார்சத்திரத்துக் காவேரி எழுதுவது பவர்ஷெல்லில். புதுசு, அதனால் அவளுக்குத் தலைக்கனம். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது என்று பலகை சொன்னது. மூன்று வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டவர்களுக்குத் தெரியாமல் போகுமா? பலகையிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம், 2014-இல், பழைய எக்ஸ்பியைத் தூக்கிவிட்டு எல்லா மெஷினிலும் விண்டோஸ் செவன் போட்டோம். பாண்டுரங்கன் எங்களைக் கூப்பிட்டார்.

"ஒரே டிபார்ட்மெண்டுக்கு இன்னாத்துக்குப்பா ரெண்டு பாஷை? எதுனா ஒண்ண வெச்சுக்கலாம். எது பெட்டருன்னு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

யோசித்துப் பார்த்தேன். எந்த மொழி ஜெயிக்கிறதோ அந்த ஆளின் கழுத்தில் நானூறு மெஷினும் தொங்கும். அரை நாள் பெர்மிஷன்கூடக் கிடைக்காது. பவர்ஷெல்லுக்கு இணையே இல்லை என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

காவேரிக்கு வி.ஏ.ஓ. பரீட்சை வந்துகொண்டிருந்தது. படிக்க இரண்டு வாரம் வேண்டும். அவள் விபிஸ்கிரிப்ட்டைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். என் அம்மாகூட என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.

பாண்டுரங்கன் இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்தவன் மெஷினு நல்லாக்கீதுன்னு பிரஸ் ஷாப்புல ஒருத்தனும் சொன்னதில்லப்பா" என்றார். பாவம், நெகிழ்ந்துவிட்டார். "இவ்ளோ எழுதிக்கீறீங்கன்னா தெரிஞ்சுதான எழுதிக்கீறீங்க. டெஸ்ட் வெச்சுடலாம். காவேரி எழுதினத சக்தி பாக்கட்டும். சக்தி எழுதினத காவேரி பாக்கட்டும். எது ரெண்டு பேருக்கும் வருதோ, அதான் நம்ம பாஷை."

பாஸாகிறவருக்கு இரண்டு மொழியும் தெரியும், தோற்ற மொழியில் இருப்பதையெல்லாம் மாற்றி எழுதுவது அவர் தலையில்தான் விழும். இப்போது அவள் பாஸாகி நான் ஃபெயிலானால் எனக்குக் கல்யாணம். வெளியே வந்ததும் காவேரியிடம் போனேன்.

"என் கல்யாணம், காவேரி."

"தெரியும்ணா. பத்திரிகை குடுத்தீங்களே. என் பரீட்சையும் உங்களுக்குத் தெரியும்."

இருவரும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். முதலில் காவேரி. என் ஸ்கிரிப்ட்டை அரை மணி நேரம் பச்சைக்குழந்தை முகத்தோடு பார்த்தாள். "இன்னா பண்ணுதுன்னே புரியல சார்" என்றாள். அதே ஸ்கிரிப்ட்டில் இரண்டு வரி தண்டம் என்று போன வாரம்தான் என்னிடம் சண்டை போட்டிருந்தாள்.

நானும் அதையே சொல்லிவிட்டு எழுந்துவிடுவதாக இருந்தேன். அவள் கொடுத்தது, முப்பது நாளுக்கு முந்தைய ரிப்போர்ட்டுகளை அழிக்கும் ஸ்கிரிப்ட். ஏழாவது வரியில் தேதியை ஒப்பிடும் குறி திரும்பிக் கிடந்தது. பழசையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டு, இந்த முப்பது நாளில் வந்ததை அழித்துவிடும். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான ஐந்து நிமிஷம் அது.

"புரியலன்னா வுடு சக்தி. ஓட்டிப் பாத்துடலாம்" என்று பாண்டுரங்கன் கீபோர்டுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"சார், ஏழாவது வரி தப்பு."

அதோடு விட்டேனா? நாற்காலியை இழுத்துப் போட்டுத் திருத்தினேன். எதையும் அழிக்காமல் சோதித்துப் பார்க்கும் வழியைக் காட்டினேன். மூன்று வரியை ஒரே வரியாகச் சுருக்கினேன். இப்படித்தான் எழுதவேண்டும் என்று காவேரிக்கு ஒரு பாடமும் நடத்தினேன். அவள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள்.

பாண்டுரங்கன் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, என் பெயருக்கு நேரே பவர்ஷெல் வட்டத்தில் முக்கால் பங்கைக் கோடு தாண்டாமல் கறுப்பாக்கினார்.

"பவர்ஷெல்லுக்கு ரெண்டு பேர் கீறீங்க. அதான் நம்ம பாஷை. காவேரி, நீ லீவு எடுத்துக்கோமா. சக்தி, பழைய ஸ்கிரிப்ட்டு நாப்பத்தொண்ணும் மாத்தி எழுதணும். ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான்பா. முடிச்சிட்டு லீவு எடுத்துக்க." தோளில் வேறு தட்டிக் கொடுத்தார்.

கேன்டீனில் காவேரியைப் பிடித்தேன். "வேணும்னேதான அந்தத் தப்பப் போட்ட?"

"தப்பு இல்லாம குடுத்தா நீங்க வாயத் தொறந்திருக்க மாட்டீங்கண்ணா" என்றாள். சிரிக்கவில்லை. அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது. என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறாளே என்று வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது.

கல்யாணம் வாரலீவுக்கு மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வல்லக்கோட்டை முருகன் கோயிலில் முடிந்தது. தெற்கேயிருந்து இரண்டு பஸ் வந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கிய மாமனார் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மத்தியானம் ஸ்ரீபெரும்புதூர் வாடகை வீட்டில், மறுநாள் ஏன் வேலைக்குப் போகவேண்டும் என்பதை மனைவி கவியாவிடம் முதலிலிருந்து சொன்னேன். கழுத்து மாலையோடு உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள்.

"தெரியாத மாதிரி இருந்திருக்கலாம்லா?"

"அந்த வரி தப்பா இருந்துச்சு."

கவியா எழுந்து மாலையைக் கழற்றினாள். சுவரில் அடிக்க ஆணியும் சுத்தியலும் கேட்டு வாங்கி, அவளே அடித்து மாட்டினாள்.

ஆணி கோணல். நான் ஒன்றும் சொல்லவில்லை.