மண்மூட்டைக்கு மேலே வழிந்த தண்ணீர்

யதுர்ஷிகா கேட்டது மலைநாட்டு நீர்வீழ்ச்சி. அம்மா பிரேமிளாவின் ஆட்கள் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். அவர்கள் சொன்ன அருவிக் கதைகளைக் கேட்டுக் கேட்டே பிள்ளைக்கு ஆசை முற்றிவிட்டது. மார்கழி விடுமுறைக்குக் கூட்டிப்போவதாக அப்பா ரூபன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். கடைசியில் அவன் கண்டுபிடித்த நீர்வீழ்ச்சி, ஒட்டுசுட்டானிலிருந்து காட்டுப் பாதையால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் போய்வரும் தூரத்தில் இருந்தது. அவனுடைய வயலுக்குத் தண்ணீர் தருகிற அதே குளத்தின் வான்!

குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவதற்கென்று கட்டியிருக்கும் தாழ்ந்த கல்லணைதான் வான். மழைகாலத்தில் அது பாயத் தொடங்கினால் காட்டுக்குள் சனம் திரண்டுவிடும். கீழே பாறையில் விழும் தண்ணீரில் குளித்து, சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, அலுக்கும்வரை படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

லான்ட்மாஸ்டரின் பின்பெட்டிக்குள் குலுங்கிக்கொண்டு வந்த பிரேமிளாவுக்கு வழி முழுக்க ஒரே பயம். முந்தநாள் பொழுதுபடும் நேரம் ரூபனும் வேறு இரண்டு பேரும் அந்த வான்கட்டின் மேல் மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள். ஓடிப்போகிற தண்ணீரை மறித்து வைத்தால் கோடைச் சிறுபோகத்துக்கு இன்னும் கொஞ்சம் வயல் விதைக்கலாம் என்ற பேராசை. மண் அள்ளிப்போட உரப்பையின் வாயை விரித்துப் பிடித்தவள் பிரேமிளாதான். அப்போது அவள் நெல்லை நினைத்தாள், கீழே குளிக்க வருகிறவர்களை நினைக்கவில்லை. நேற்று மழை கொட்டு கொட்டென்று கொட்டிய பிறகுதான், மூட்டை பிய்ந்தால் தேங்கிய தண்ணீர் மொத்தமும் அவர்கள் தலையில் இறங்குமே என்ற நினைப்பு வந்தது.

“இஞ்சருங்கோ, அந்த மூட்டையளை எடுத்துப்போடுங்கோவன்,” என்றாள் அவன் காதருகே குனிந்து.

“அது அசையாது. எடுக்கப்போனா ஆர் அடுக்கினதெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். பிறகு வழக்குத்தான். சும்மா புலம்பாத.”

போய்ப் பார்த்தால் மூட்டைகள் கண்ணுக்கே தெரியவில்லை. தண்ணீர் அவற்றையும் மூடி, வெள்ளைச் சேலை விரித்ததுபோல் வழிந்துகொண்டிருந்தது. சனத்துக்கு ஒரே கொண்டாட்டம். கீழே பாறையில் ஆறேழு பிள்ளைகள் கும்மாளம் அடித்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி கால் நனைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நானும் இறங்கட்டே?”

“வேண்டாம் பிள்ளை. உனக்குச் சளி.”

“எனக்குச் சளி இல்லையே!”

“இருக்கு. பேசாம இரு.”

மகளை இழுத்துக் கரை மேட்டில் இருத்தினாள். மற்றப் பிள்ளைகளை யாராவது மேலே கூப்பிட மாட்டார்களா என்று மனம் அடித்துக்கொண்டது. யார் கூப்பிடுவது? விஷயம் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். இரண்டு பேருமே வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

“பிள்ளையை விடுங்கோ அக்கா, நல்ல தண்ணி,” என்று சிரித்தாள் கைக்குழந்தைக்காரி.

பிரேமிளாவும் சிரித்தாள். அதைச் சிரிப்பு என்று சொல்வதே பாவம்.

சோற்றுப் பார்சலைப் பிரிக்கத் திரும்பிய நேரத்துக்குள் பிள்ளை பக்கத்தில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், வான்கட்டுக்கு நேர் கீழே, பாறையில் நிற்கிறாள். மேலே ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கிப் பாய்ந்தது. பிறகு உரப்பை ஒன்று வாய் பிளந்தபடி உருண்டு விழுந்தது.

ரூபனும் கண்டுவிட்டான். “கத்தாத! நான் போய்த் தூக்கிக்கொண்டு வாறன்!”

பிரேமிளா கத்தினாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“ஏறுங்கோ! எல்லாரும் மேல ஏறுங்கோ! வான்கட்டில மண்மூட்டை கிடக்கு, உடையப்போகுது! நாங்கள்தான் அடுக்கினது!”

ரூபன் பாய்ந்து போய் மகளை வாரித் தூக்கினான். ஆட்கள் கையில் அகப்பட்ட பிள்ளைகளையெல்லாம் இழுத்தார்கள். யாரோ கைக்குழந்தையை வாங்கிக்கொள்ள, தாய் முழங்கால் தேயத் தவழ்ந்து ஏறினாள். அவள் ஏறிய கையோடு மூட்டை வரிசை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை பிய்த்துக்கொண்டு போனது. பாறையையே காணவில்லை. கழற்றி வைத்த செருப்புகளும் உடுப்புகளும் சேற்றுத் தண்ணீரில் அடித்துப்போயின.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேர் ரூபனின் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுக்கினார்கள். அவன் தலையைத் தொங்கப்போட்டபடி நின்றான். பிரேமிளா மகளை மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். வழக்கோ, கம்பி எண்ணும் மறியலோ, எது வந்தாலும் வரட்டும், பிள்ளை தப்பியதே போதும் என்று நெஞ்சு ஆறியது.

அப்போது கைக்குழந்தைக்காரி ஈரம் சொட்டச் சொட்ட முன்னால் வந்து நின்றாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று பிரேமிளா நினைத்தாள். அடித்திருந்தாலும் பரவாயில்லை.

“அக்கா,” என்றாள் அவள் மெதுவாக, “உங்கட பிள்ளை அந்தப் பாறையில நிக்காட்டி, கத்தியிருப்பியளோ?”

பிரேமிளா மகளின் ஈரத் தலையைப் பார்த்தாள். கைக்குழந்தைக்காரி குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பதிலுக்காக அங்கேயே நின்றாள்.