கிண்ணங்களுக்கு நடுவே இரண்டு கடலை

இப்போது யாரைப் பார்த்தாலும் பகிர்ந்துகொள்கிறேன், பகிர்ந்துகொள்கிறேன் என்கிறார்கள். கரண்டியைக் கையில் எடுக்கும் முன்பே சோற்றைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து தின்கிறார்கள். படகில் பக்கத்திலிருக்கும் கிழவன் வாந்தி எடுத்தாலும் ஒருவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தச் சொல்லின் மீதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதனால்தான் தாக் வாத்தியார் அதே சொல்லோடு என் வீட்டுக்கு வந்தபோது, இந்த ஆளுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று யோசித்தேன்.

தாக் எங்கள் தீவுக்காரர் இல்லை. குவாங்ஜு நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். மனைவி செத்த பிறகு கடற்காற்று வேண்டுமென்று எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடிவந்தார். என் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கியுதே என் உப்பளத்தை எழுதி வாங்கி, சோலார் கம்பெனிக்காரனுக்கு விற்றுவிட்டு ஆன்சான் நகரத்துக்குப் போனான். போனவன் போனவன்தான். இப்போது என் பாத்திகள் இருந்த இடத்தில் கறுப்புத் தகடுகள் வெயிலைத் தின்றுகொண்டு நிற்கின்றன.

அன்று வாத்தியார் ஒரு கையில் அரிசிக் கள்ளும் ஒரு கையில் கைத்தடியுமாக வந்தார். வசந்தத்தில் குளியலறையில் விழுந்ததிலிருந்து தடி இல்லாமல் நடப்பதில்லை.

"பியோ, சனிக்கிழமை என் பொண்ணு வர்றா" என்றார். "கூட இருக்க ஆள் இல்லேன்னா முதியோர் இல்லத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவா. எடம் பார்த்து வெச்சுட்டாளாம்."

"நல்லதுதானே. வேளாவேளைக்குச் சோறு போடுவான்."

"சோறு போடுவான். சன்னலைத் திறக்க விடமாட்டான். நீ என் வீட்டுக்கு வந்துடேன். ஒரு அடுப்பு, வீட்டைச் சூடாக்க ஒரு கொதிகலன். எண்ணெய்ச் செலவு பாதியாகும். அவ வரும்போது நீ அங்க இருந்து, 'நான் கூட இருக்கேம்மா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"ஏன், ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"இருக்காங்க. அவங்கள்லாம் என்கூடச் சண்டை போட மாட்டேங்கிறாங்க."

கள்ளை ஊற்றி, வறுத்த கடலையைத் தட்டில் கொட்டினேன். வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்காது. இரண்டு காலிக் கிண்ணங்களை எடுத்து வைத்தார்.

"இது சோடியம். இது குளோரின். உன் உப்புல இருக்கிற ரெண்டு பேரும் இவங்கதான்." முதல் கிண்ணத்தில் ஒரு கடலை போட்டார். இரண்டாவதில் ஏழு. "கடலைதான் எலக்ட்ரான். உள்ளுக்குள்ள இன்னும் இருக்கு, அதை விடு. வெளிவட்டத்துல இவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு, அது இவனுக்குப் பாரம். அவன்கிட்ட ஏழு, எட்டு ஆனாத்தான் அவனுக்கு நிம்மதி. இவன் ஒண்ணைக் குடுத்துடறான். அவன் வாங்கிக்கிறான்."

"குடுத்தவன் கதி?"

"குடுத்தவன் பாசிட்டிவ் ஆயிடுவான், வாங்கினவன் நெகட்டிவ். அதனாலயே ரெண்டு பேரும் இழுத்துப் பிடிச்சு ஒட்டிக்கிறாங்க. அதுக்கு அயனிப் பிணைப்புன்னு பேரு."

"நானும் ஒருத்தனுக்குக் குடுத்தேன் வாத்தியாரே. மொத்த உப்பளத்தையும் குடுத்தேன். அவன் ஒட்டக் காணோமே."

வாத்தியார் கிண்ணத்திலிருந்த கடலையை விரலால் உருட்டினார். "தண்ணி நடுவுல வந்தா அந்தப் பிணைப்பு விட்டுப்போயிடும். தண்ணி ஒவ்வொருத்தனையும் தனித்தனியாச் சூழ்ந்து பிரிச்சுக் கொண்டுபோயிடும். உப்பு கரையறதுன்னா அதுதான்."

எங்களுக்கும் ஆன்சானுக்கும் நடுவில் தண்ணீர் நிறையவே இருக்கிறது. அதற்காக ஒப்புக்கொள்ள முடியுமா? நான் கள்ளைக் குடித்தேன்.

"இன்னொண்ணு இருக்கு" என்று இரண்டு கிண்ணங்களையும் காலி செய்து, ஒன்றோடொன்று முட்டும்படி வைத்தார். நடுவில், இரண்டு விளிம்பும் தொடும் இடத்தில், இரண்டு கடலையை வைத்தார். "இவங்க ரெண்டு பேரும் ஹைட்ரஜன். ஆளுக்கு ஒரு கடலை கொண்டு வந்தாங்க. யாரும் யாருக்கும் குடுக்கலை, யாரும் பிடுங்கலை. ரெண்டையும் நடுவுல வெச்சு ரெண்டு பேரும் பகிர்ந்துக்கறாங்க. இது சகப் பிணைப்பு. தண்ணிக்குள்ள இருக்கிறதும் இதேதான். ஒரு ஆக்சிஜன், ரெண்டு ஹைட்ரஜன், எல்லாம் நடுவுல வெச்சுப் பகிர்ந்துக்கறது."

"அந்தக் கடலை யாருது?"

"ரெண்டு பேருதும்."

"ஒருத்தனுக்குப் பசிச்சா?"

"பசிக்காதுய்யா. அவனுக்கு ரெண்டும் இருக்கு, இவனுக்கும் ரெண்டும் இருக்கு."

"ரெண்டு கடலை நாலு ஆகுமா? என்னை என்ன மடையன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு நடுவிலிருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

"அடப்பாவி, எலக்ட்ரானைத் தின்னுட்டியே!" என்று வாத்தியார் இருமும்வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "வருவியா?" என்றார்.

"பார்க்கலாம்" என்றேன்.

சனிக்கிழமை காலையில் முகம் மழித்தேன். வெள்ளைச் சட்டை போட்டேன். அதற்காக நான் முடிவு செய்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். படகு மத்தியானத்துக்குப் பிறகுதான். சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் தலைசாய்த்தேன்.

தகரக் கூரையில் மழை அடித்தது.

உப்பளத்துக்காரனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை, காலில் விழுகிறது. வெயிலில் வாரக்கணக்காகச் சுண்டி உப்பாகப் போகிற தண்ணீரில் மழை விழுந்தால் எல்லாம் போச்சு. மதகுப் பலகையை உருவி, அதைக் கூரை போட்ட குழிக்குள் ஓடவிட வேண்டும். எங்கள் தீவில் மழைக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எந்தப் பாத்தி கிட்டத்தில் இருக்கிறதோ அதற்குள் இறங்க வேண்டியதுதான். யாருடையது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். நன்றி சொன்னால் அடி விழும்.

தூக்கக் கலக்கத்திலேயே ஓடினேன். வரப்பில் இறங்கினேன். பழைய மதகு அதே இடத்தில் இருந்தது. பலகையைப் பிடித்து இழுத்தேன். ஊறி இறுகிப்போயிருந்தது. முதுகு உடைய இழுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் வந்து பலகையைப் பிடித்தன. வாத்தியார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. தடியைக் காணோம்.

அப்போதுதான் நிமிர்ந்தேன். முன்னால் வரிசை வரிசையாகக் கறுப்புத் தகடுகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நீ ஓடினே, நானும் வந்தேன்."

"இங்க உப்பே இல்லையே வாத்தியாரே!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? இழு!"

என்ன சொல்ல, நானும் இழுத்தேன். பலகை ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. இருவரும் சேற்றில் மல்லாந்தோம். நான் எழுந்துவிட்டேன். அவரால் முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியிலும் சிரித்துக்கொண்டு கிடந்தார்.

வரப்பின் மேல் குடையோடு ஒரு பெண் நின்றாள். மகள் ஹேரிம். படகிலிருந்து இறங்கி, வீட்டில் யாருமில்லாமல், விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அப்பா, கூட இருந்து பார்த்துக்குவார்னு சொன்னீங்களே, அது இவர்தானா?" என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் இல்லத்துக்குக் கூட்டிப்போகப் படகுத்துறையில் வாத்தியாரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் போக நினைக்கவில்லை. கடையில் சாமான் வாங்கும் வேலை இருந்தது, அந்தப் பக்கமாகப் போனேன்.

"பியோ, மழை வராம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்றார்.

"வந்துடுச்சே. அதைப் பத்தி இப்ப என்ன?"

"சொல்லேன்யா."

ஹேரிம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சேத்துல விழுந்த கிழவனுக்கு வாய் மட்டும் குறையலை" என்றேன்.

அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அணு ரெண்டும் சேர்ந்ததைப் பிரிக்கறது சும்மா நடக்காது. வெளியிலேருந்து சக்தி செலவு பண்ணித்தான் பிரிக்கணும். அது கணக்கு. அதை யாரும் மாத்த முடியாது."

"அணுவை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். எவ்வளவு சக்தி செலவாகிறது பார்ப்போம் என்று நானும் நின்று பார்த்தேன். படகு கொஞ்சம்கூடத் திணறவில்லை. என்றைக்கும் போலப் புகையைக் கக்கிவிட்டு, திரும்பி, மோக்போ துறைமுகத்துப் பக்கமாகப் போய்விட்டது. படித்தவர்கள் சொல்வதெல்லாம் இப்படித்தான். நான் மேட்டில் ஏறி வீட்டை நோக்கி நடந்தேன்.