கம்பிளி போர்த்திய கம்ப்யூட்டர்

மஸ்டர் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் குளிரில் நின்றார்கள். நம்பரைச் சொல்லி, விரல் வைத்து வருகை பதிந்தால்தான் மலையேற முடியும். உள்ளே வேல்முருகன் தன் கம்ப்யூட்டர்மேல் கிடந்த கம்பிளியை, தூங்கும் பிள்ளையை எழுப்புவதுபோல் மெல்ல விலக்கிப் பொத்தானை அமுக்கினான். பெட்டி உறுமியது. திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"என்னடே, ஒம் பெட்டிக்கு இன்னும் விடியலியா?" என்றாள் வரிசையில் முதலில் நின்ற மாரித்தாய்.

"குளிரு மதினி. சூடாகணும்லா."

பக்கத்து ஜன்னலில் ஆனந்தி உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவளுடைய புதுக் கம்ப்யூட்டர் விழித்துவிட்டது. அவள் அம்மா ரிட்டயரான பிறகு தற்காலிகமாகச் சேர்ந்தவள். "இங்கிட்டு வாங்கத்தே" என்று கூப்பிட, வரிசை முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. வேல்முருகனுக்கு மிஞ்சியது வட்டம்தான். எஸ்டேட்டில் அத்தனை பேர் நம்பரும் அவனுக்கு மனப்பாடம். ஆனாலும் நேற்று வந்தவளுக்குப் புதுசு, அவனுக்கு இது. வீட்டில் சோற்றைப் பிசையும்போதும் அவள் கீபோர்டு சத்தம் காதுக்குள் கேட்டது. அவள் தும்மினால்கூட வேகமாகத் தும்முவதாகப் பட்டது.

மலையாளி மானேஜரிடம் போய் நின்றான். "சரியாக்கிக்கோ. காசு மாத்திரம் கேக்கண்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கம்பிளியோடு சுற்றி, ஜீப்பில் மடியில் வைத்து மூணாறுக்குக் கொண்டுபோனான். கம்பெனிப் பெட்டிக்குக் கைக்காசு போடும் மடையன் இந்த மலையில் தான் ஒருத்தனாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தோன்றியும் இறங்கவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்கார ஈஸ்வரன் மூடியைக் கழற்றினான். உள்ளே தேயிலைத் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது.

"பால் ஊத்துனா டீ ரெடி அண்ணாச்சி. ஆமா, கம்பிளி எதுக்கு?"

"காலையில கெளம்ப மாட்டேங்குது தம்பி. ஓடும்போதும் பாதி போர்த்திதான் வைப்பேன்."

"நல்லா பாத்துக்கிட்டீக! கம்ப்யூட்டருக்குச் சூடுதான் ஆகாது." ஈஸ்வரன் சிரித்துக்கொண்டே தூசியை ஊதினான். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டினான். ராம் மெமரியைக் கூட்டினான். "இப்ப போடுங்க."

வட்டம் ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை. வேல்முருகனுக்குக் கண் கலங்கியது.

மறுநாளிலிருந்து ஜன்னலில் அவன்தான் ராஜா. ஆள் வரும்போதே நம்பரைத் தட்டி வைத்தான். "இங்க வாங்க மதினி, அங்க என்ன தேங்கி நிக்கிறீக?" என்று ஆனந்தியின் வரிசையிலிருந்தும் ஆட்களை இழுத்தான்.

"அண்ணே, எனக்கும் ரெண்டு ஆள விடுங்கண்ணே. தொரை பாத்துக்கிட்டே இருக்காரு. கம்பெனி குடுத்த லயத்து வீடு என் வேலையிலதான் நிக்கிது."

"வேகமில்லாட்டி நான் என்ன பண்ணுறது பிள்ள?" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சொல்லும்போது வாயில் கருப்பட்டி கரைந்தது.

மானேஜர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாசக் கடைசியில் சொன்னார்: "இதுக்கு ஒராளு மதி. ரெண்டாளு எதுக்கு?"

புதுக் கம்ப்யூட்டர் அவருடைய பங்களாவுக்குப் போனது. வீட்டில் ஒருத்தராவது வேலையில் இல்லாவிட்டால் லயத்தைக் காலி பண்ண வேண்டும். ஆனந்தி கொழுந்துக்குப் போனாள்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு காலையில் அவள் அவன் ஜன்னலுக்கு வந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா. விரல்கள் கொழுந்துக் கறையில் கறுத்து, நுனியெல்லாம் வெட்டு வெட்டாக இருந்தன. அவன் நம்பர் கேட்கவில்லை.

"விரல வையி தங்கச்சி."

வைத்தாள். பொருந்தவில்லை என்றது திரை.

படுதாவுக்கு அடியில் சேலையில் தேய்த்து மறுபடி வைத்தாள். அதே பதில்.

"கொஞ்சம் பாருங்கண்ணே. நேரமானா அரைநாள் போயிரும்."

வேல்முருகன் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, அந்த விரலைத் தன் சட்டை நுனியால் துடைத்து, அவனே பிடித்து ரேகைக் கண்ணாடியில் அழுத்தினான்.

பொருந்தவில்லை என்று சொல்லக் கம்ப்யூட்டர் கொஞ்சங்கூட யோசிக்கவில்லை.