காமாக்ஷிக்குக் கொடுக்காத மாத்திரை

மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மூட்டைகள் இறங்கினால் மாடி வீடு வரை நெடி ஏறிவிடும். அன்று மத்தியானம் ஷங்கரின் அக்கா காமாக்ஷிக்குத் தலைவலி கிளம்ப அதுவே போதுமாயிருந்தது. தம்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். வாந்தியும் எடுத்தாள்.

"ஸுப்ரியா, நாக்கிலே கரையுமே, உன் மாத்திரை. ஒண்ணு தாடி."

ஷங்கரின் மனைவி ஸுப்ரியாவுக்கும் அதே ஒற்றைத் தலைவலிதான். முதலில் சுமாட்ரிப்டான் சாப்பிட்டாள். வலி போகும், ஆனால் நெஞ்சை அழுத்தும், உடம்பு துவண்டுவிடும். டாக்டர் ரிஸாட்ரிப்டானுக்கு மாற்றிய பிறகு ஒரு மணி நேரத்தில் எழுந்து நடமாட முடிந்தது. அந்தப் பெருமையை நாத்தனாரிடம் அளந்தவளும் அவள்தான்.

"வேண்டாம் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அப்போ அந்தப் பழசையாவது கொடு."

"ரெண்டும் ஒரே வகையாக்கும். ரெண்டும் உங்களுக்கு ஆகாது."

ஷங்கருக்குப் பொறுமை போய்விட்டது. "அவ துடிக்கறா. ஒரு மாத்திரைக்கு இத்தனை பேச்சா?" என்று ஸுப்ரியாவின் கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தான்.

போன வருஷம் எறணாகுளத்தில் காமாக்ஷிக்கு இதயக் குழாய் அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தபோது கூட இருந்தவள் ஸுப்ரியா மட்டும்தான். தன் பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், தம்பிக்குக்கூடத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள் காமாக்ஷி. இந்த மாத்திரைகள் ரத்தக் குழாயைச் சுருக்கும், இதய நோய்க்காரர்கள் தொடவே கூடாது என்று தன் தலைவலி டாக்டர் எச்சரித்தது ஸுப்ரியாவின் காதிலேயே நின்றது.

"நீங்களே சொல்லுங்கோ அக்கா," என்று கெஞ்சினாள்.

காமாக்ஷி கண்ணைத் திறக்கவில்லை. "கொடுடா ஷங்கர்."

அவன் மாத்திரையைப் பிதுக்கி அவள் வாயருகே கொண்டுபோனான். ஸுப்ரியா அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"அக்காவுக்கு நெஞ்சிலே ஸ்டென்ட் வெச்சிருக்கு. இதைக் கொடுத்தா உயிருக்கே ஆபத்து."

ஷங்கர் அக்காவைப் பார்த்தான். அவள் மறுக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஈசிஜி எடுத்து, வேறு ஊசி போட்டார்கள். சாயங்காலம் வலி இறங்கியதும் காமாக்ஷி ஈனஸ்வரத்தில் கேட்டாள்: "சத்தியம் பண்ணினியே?"

"பண்ணினேன் அக்கா."

வார்டுக்கு வெளியே வந்தபோது ஷங்கர் சொன்னான்: "ஒரு வருஷமா எங்கிட்டே மறைச்சுட்டே."

ஸுப்ரியா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் போய் ஒரு சாயா வாங்கிவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, எதிர் வரிசையில் தள்ளி உட்கார்ந்தான்.